மண்ணைப் பார்த்து டயர் மாட்டுங்கள்: ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும்) கார் பந்தயத்துக்கு டயர் தேர்ந்தெடுக்கும் முழு வழிகாட்டி

2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு 20 கார்கள் வார்ம்-அப் சுற்றுக்குக் கிளம்பின. சுற்று முடிந்ததும் மிஷலின் டயர் மாட்டிய 14 கார்கள் நேராக பிட்டுக்குப் போய்விட்டன. அந்த டிராக்கின் சரிவான கடைசி வளைவில் அந்த டயர்கள் தாங்காது என்று முன்பே தெரிந்துவிட்டிருந்தது. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. அதில் நம்ம கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். அந்த வருஷம் அவர் ஓட்டிய ஜோர்டான் வேகமான கார் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தத் தரைக்கு ஏற்ற டயர் அதில் இருந்தது.

ஒன்றரைக் கிலோ எடையுள்ள நம் 1/10 பக்கிக்கும், அதாவது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மண் டிராக் வண்டிக்கும், இதே கணக்குதான். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் புதிதாக ஆர்.சி. பந்தயத்துக்கு வருகிற தம்பிகளைப் பார்க்கிறேன். மோட்டாருக்குச் செலவு செய்கிறார்கள், பேட்டரிக்குச் செலவு செய்கிறார்கள், ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோவை மாற்றுகிறார்கள். டயர் மட்டும் பெட்டியில் வந்ததே கிடக்கிறது. நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். வண்டி தரையைத் தொடுவது நான்கு இடத்தில்தான், ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம். அங்கே பிடி இல்லை என்றால் மேலே என்ன மாட்டியும் பயனில்லை. சஸ்பென்ஷனில் கை வைப்பதற்கு முன்னால் டயரைச் சரி செய்யுங்கள்.

முதலில் தரையைப் படியுங்கள்

கடையில் டயர் பார்ப்பதற்கு முன்னால் ஓடப்போகும் தரையைப் பார்க்க வேண்டும். கொங்கு நாட்டில் இது ரொம்ப முக்கியம். பத்து மைல் தள்ளிப் போனால் மண் மாறிவிடுகிறது. மண் ஆய்வாளர்கள் மண் வகைகளுக்கே நம் ஊர்ப் பெயர்களை வைத்திருக்கிறார்கள்: இருகூர் வகை என்றால் மணல் கலந்த செம்மண், பெரியநாயக்கன்பாளையம் வகை என்றால் சுண்ணாம்பு கலந்த கரிசல். இருகூரில் ஜெயித்த டயரை அப்படியே பெரியநாயக்கன்பாளையம் பக்கம் கொண்டுபோய் மாட்டினால் வண்டி வேறு வண்டியாகிவிடும்.

பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் நாங்கள் டிராக் வெட்டியபோது, தோட்டக்காரர் ஒருவர் எனக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார். "தம்பி, மேல இருக்கிற புழுதியைப் பார்க்காதீங்க. நாலு விரக்கடை தோண்டி எடுத்துப் புடிச்சுப் பாருங்க" என்றார். தோண்டி எடுத்த மண்ணைக் கொழுக்கட்டை மாதிரி உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். விரித்தார். உருண்டை உடையாமல் நின்றது, விரல் ரேகை அதில் பதிந்திருந்தது. கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டியதும் இரண்டாகப் பிளந்தது. "இந்தப் பக்குவத்துக்கு ஓட்டுங்க, மண்ணு வண்டியைப் புடிச்சுக்கும்" என்றார். அன்றிலிருந்து எந்த டிராக்குக்குப் போனாலும் நான் செய்யும் முதல் வேலை இதுதான்.

மூன்று சோதனை போதும். ஒன்று, மேலே சொன்ன உருண்டை. உருண்டையே பிடிக்கவில்லை என்றால் காய்ந்த மண். உடையாமல் பிசுபிசுவென்று ஒட்டினால் ஈரம் அதிகம். இரண்டு, பைக் சாவியால் தரையைக் கீறுங்கள். சாவி வழுக்கிக்கொண்டு வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் இறுகிய தரை. பள்ளம் விழுந்தால் இளகிய தரை. மூன்று, செருப்புக் காலால் ஒரு இழுப்பு இழுங்கள். எவ்வளவு பொடி ஒதுங்குகிறது, அடியில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். அடியில் தெரிவதில்தான் டயர் பிடிக்கப் போகிறது.

அப்புறம் பட்டன்

பைக் டயர் கடையில் பட்டன் டயர், கோடு போட்ட டயர் என்று சொல்கிறோமே, ஆர்.சி.யிலும் அந்தப் பேச்சே போதும். வேலை செய்யும் விதம் எளிது. உயரமான, இடைவெளி விட்ட பட்டன்கள் இளகிய மண்ணுக்குள் இறங்கி உதைத்துத் தள்ளும். குட்டையான, நெருக்கமான பட்டன்கள் இறுகிய தரையில் அதிக ரப்பரைத் தரையோடு வைக்கும். உயரமான பட்டனை இறுகிய தரையில் ஓட்டினால் அது மடங்கும். வளைவில் வண்டி ஒரு கணம் தாமதித்துத் திரும்புவது மாதிரி இருக்கும், டயரும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

புழுதி மேலே, இறுகிய செம்மண் அடியில் என்பதுதான் நம் பக்கம் அதிகம் கிடைக்கும் டிராக். மாசியிலிருந்து சித்திரை வரை கிட்டத்தட்ட எல்லாச் செம்மண் டிராக்கும் இப்படித்தான். இதற்கு நடுத்தர உயரமுள்ள சின்னப் பட்டன், அதாவது மினி பின் ரகம், பின்னால் மாட்டுங்கள். அது பொடியை ஊடுருவி அடித்தரையைத் தொடும். டூ-வீல்-டிரைவ் பக்கி என்றால் முன்னால் சுற்றளவு நெடுகக் கோடு ஓடும் ரிப் டயர் போடுங்கள். கோடு பக்கவாட்டில் பிடிக்கும், நேராக உருளும்போது இழுக்காது. ஃபோர்-வீல்-டிரைவில் முன் சக்கரமும் இழுக்க வேண்டியிருப்பதால் முன்னாலும் பட்டன் வேண்டும்.

தண்ணீர் தெளித்த செம்மண் வேறு கதை. நல்ல ஈரப்பதத்தில் உருட்டி இறுக்கிய செம்மண் தரும் பிடி அருமையானது. அங்கே சதுரக் கட்டை மாதிரி பெரிய பிளாக் பட்டன் நன்றாக வேலை செய்யும். ஆனால் காலையில் தெளித்த தண்ணீர் பதினோரு மணிக்கு இருக்காது. டயரைத் தண்ணீர் தெளித்தவுடன் இருக்கும் நிலைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் ஹீட், அதாவது நீங்கள் ஓடும் சுற்றுப் போட்டி, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு தேர்ந்தெடுங்கள்.

ஆடிக்காற்று வேறு இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலையைச் சுழற்றுகிற வேகத்தில் டிராக்கின் பொடியையும் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது சிமெண்டு மாதிரி மெருகேறிய தரை. அதில் பல வண்டிகள் ஒரே தடத்தில் ஓட ஓட, டயர் ரப்பர் ஒட்டி ஒரு கறுத்த கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் பிடி எக்கச்சக்கமாக இருக்கும், ஒரு சாண் விலகினால் வழுக்கும். இந்தத் தரையில் புது டயரைவிடப் பாதி தேய்ந்த மினி பின் வேகமாக ஓடும். சிலர் முழுக்க மொட்டையான ஸ்லிக்கே போடுவார்கள். பழைய டயரைத் தூக்கி எறியாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். பாதி தேய்ந்தது, முக்கால் தேய்ந்தது என்று தனித்தனியாக எடுத்து வையுங்கள்.

காங்கேயம் பக்கச் சரளை மண்ணில் டயரின் பக்கச் சுவர்தான் முதலில் கிழியும். சுக்கான்கல் சில்லு கத்தி மாதிரி. அங்கே கொஞ்சம் கடினமான ரப்பர், தடித்த பட்டன். முடிந்தால் டிராக்கையே கூட்டிவிட்டு ஓட்டுங்கள்.

கரிசலைப் பற்றி என் அபிப்பிராயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த கரிசல் நன்றாக இறுகும், பிடியும் தரும், ஆனால் வெடிப்பு விடும். வெடிப்பில் முன் சக்கரம் மாட்டினால் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் முறியும். ஐப்பசி மழை பெய்த கரிசலில் பந்தயமே வேண்டாம். எந்தப் பட்டன் போட்டாலும் இரண்டு சுற்றில் மண் அப்பி டயர் பணியாரம் மாதிரி ஆகிவிடும், மோட்டாரும் சூடேறிவிடும். ஓட்டியே தீர வேண்டும் என்றால் பட்டன்களுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளியுள்ள டயர்தான் மண்ணை உதறும்.

களமும் தார்ச்சாலையும்

மண் இல்லாத இடத்தில் டூரிங் கார், அதாவது சமதளத்தில் ஓடும் தாழ்வான ஆர்.சி. கார், ஓட்டுகிறவர்களுக்கு நம் பக்கம் ஒரு வரம் உண்டு: களம். நெல்லுக்கும் மஞ்சளுக்கும் கொப்பரைக்கும் போட்ட சிமெண்டுக் களங்கள் வேலை இல்லாத நாளில் காலியாகத்தான் கிடக்கின்றன. கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

வெள்ளகோவில் பக்கம் ஒரு கொப்பரைக் களத்தில் முதன்முதலாக ஓட்டியபோது, வண்டி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சுழன்றது. டயரை மாற்றினேன், ஸ்பிரிங்கை மாற்றினேன், மறுபடியும் அதே இடம். கடைசியில் போய் மண்டியிட்டுப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் லேசாக மஞ்சள் பூத்து மினுமினுத்தது. விரலால் தேய்த்தேன், வழவழப்பு. மூக்கருகே கொண்டுபோனால் தேங்காய் எண்ணெய் வாசம். கொப்பரை காய்ந்து காய்ந்து எண்ணெய் சிமெண்டில் இறங்கியிருக்கிறது. களத்துக்காரம்மா சோப்புத்தூளும் சீமாறும் கொடுத்து, "நல்லாத் தேய்ச்சு ஊத்து கண்ணு" என்றார். தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு அதே டயரில் அதே வளைவை முழு வேகத்தில் எடுத்தேன். ஆகவே களத்தில் ஓட்டும் முன் முதலில் கால் வைத்து நடந்து பாருங்கள், கையால் தடவிப் பாருங்கள்.

டூரிங் காருக்கு 26 மி.மீ. அகலமுள்ள ஸ்லிக் ரப்பர் டயர்தான் வழக்கம். இதில் 24, 28, 32, 36, 40 என்று எண் போட்டு வருவதைப் பார்ப்பீர்கள். எண் சின்னது என்றால் மென்மை, குளிர்ந்த தரைக்கு. எண் பெரியது என்றால் கடினம், சூடான தரைக்கு. மார்கழிக் காலை 7 மணிக்கு 28 நன்றாக இருக்கும். சித்திரை மதியத்தில் தார் 50 டிகிரியைத் தாண்டும். 36-க்குக் கீழே போகாதீர்கள். மென்மையான டயர் அந்தச் சூட்டில் இரண்டு நிமிஷம் பிரமாதமாக ஓடும், மூன்றாவது நிமிஷம் வெண்ணெய் தடவியது மாதிரி வழுக்க ஆரம்பிக்கும். தரைச் சூட்டை அளக்கும் துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வீண் போகாது. இல்லாதவர்கள் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டால் கடின டயர்.

தார், சிமெண்டுத் தரையில் நடக்கும் பெரிய ஆன்-ரோடு பந்தயங்களில் எல்லாருக்கும் ஒரே டயர் என்று விதி வைப்பது வழக்கம். விதியைப் படிக்காமல் டயர் வாங்கிவிடாதீர்கள்.

ரப்பரின் மென்மை

மண் டிராக்குக்கும் இதே சூட்டுக் கணக்குதான், கூடவே தேய்மானமும் சேரும். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு கம்பெனியும் மென்மையைத் தன் வழியில் குறிக்கும். ப்ரோ-லைன் எம்3 என்றால் சாஃப்ட், எம்4 என்றால் சூப்பர் சாஃப்ட். ஜேகான்செப்ட்ஸில் நீலம் சாஃப்ட், பச்சை சூப்பர் சாஃப்ட். ஒரு கம்பெனியின் சாஃப்டும் இன்னொன்றின் சாஃப்டும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு கம்பெனியைப் பிடித்து அதன் வரிசையைப் பழகிக்கொள்வது நல்லது.

என் பழக்கம் இது. காய்ந்த செம்மண்ணுக்கு சாஃப்ட். தரை குளிர்ந்தோ நிழலிலோ இருந்தால் சூப்பர் சாஃப்ட். மணலும் சரளையும் கலந்து அரம் மாதிரி இருந்தால் மீடியம். சந்தேகம் வந்தால் கடினமான பக்கம் ஒரு படி போங்கள். ஐந்து நிமிஷப் பந்தயத்தில் கடைசி நிமிஷமும் அதே மாதிரி ஓடும் வண்டிதான் மேடை ஏறும்.

பிடி அதிகமானாலும் தொல்லை. வளைவில் வண்டி வழுக்காமல் பக்கவாட்டில் கவிழ்ந்தால் அது ஓட்டுபவர் தப்பு என்று நினைப்பார்கள். பல நேரம் டயர்தான் காரணம். முன் டயரை ஒரு படி கடினமாக்குங்கள். டூரிங் காரில் முன் டயரின் வெளிப்பக்கச் சுவரில் மெல்லியதாக இன்ஸ்டன்ட் பசை தடவிக் காயவிடுவதும் உண்டு. சுவர் இறுகிவிடுவதால் வளைவில் ஓரம் தரையைக் கவ்வாது.

உள்ளே இருக்கும் ஃபோம்

பெரும்பாலோர் பார்க்காத இடம். ஆர்.சி. டயரில் காற்று அடைப்பது கிடையாது, உள்ளே ஃபோம்தான் தாங்குகிறது. தேன்கூடு மாதிரி திறந்த துளையுள்ள ஃபோம் மென்மையானது, விலை குறைவு, ஆனால் தண்ணீர் குடித்து நாளடைவில் பொடிந்துவிடும். மூடிய துளை ஃபோம் ரொம்ப நாள் வடிவம் மாறாமல் இருக்கும். 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள 1/8 பக்கிக்கு இரண்டாவது ரகம்தான் சரி. மேடு பள்ளமான, பிடி குறைவான டிராக்கில் கொஞ்சம் மென்மையான ஃபோம் வண்டியைத் தரையோடு வைத்திருக்கும். ஃபோம் பெரிதாகப் போய் டயரின் நடுப்பகுதி புடைத்தால், நடு மட்டும் தரையைத் தொடும். மாட்டிய பிறகு சமதளத்தில் வைத்து, எதிர்ப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், ஓரத்தில் வெளிச்சம் வருகிறதா என்று.

ஒட்டுவது

வாங்குவதற்கு முன் ரிம் அளவு: 1/10 வண்டிகளுக்கு 12 மி.மீ. ஹெக்ஸ் (ரிம் போய் உட்காரும் அறுகோணக் கட்டை), 1/8 வண்டிகளுக்கு 17 மி.மீ. ஹெக்ஸ் வழக்கம். 1/10 பக்கிக்கு 2.2 அங்குல ரிம். உங்கள் வண்டியில் அளந்துவிட்டே ஆர்டர் போடுங்கள்.

புது டயரின் உள்விளிம்பில் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை பனியன் வேஸ்டில் தொட்டு, டயர் விளிம்பையும் ரிம் பள்ளத்தையும் துடையுங்கள். திருப்பூர்க்காரர்களுக்கு பனியன் வேஸ்ட் சொல்லித் தர வேண்டியதில்லை. வெள்ளைக் காட்டனாகப் பார்த்து எடுங்கள், சாயம் போகிற துணி கறை விடும். ஃபோமை டயருக்குள் மடிப்பு விழாமல் வைத்து, ரிம்மில் ஏற்றி, விளிம்பு பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கையில் சுழற்றுங்கள். ஆட்டம் தெரிந்தால் இப்போதே சரி செய்துவிட வேண்டும், பசை விட்ட பிறகு முடியாது. பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் இடது, வலது பார்த்து ஜோடி சேருங்கள். வெளியே ஒரு ரப்பர் பேண்டு போட்டு, விளிம்பை விரலால் லேசாக விலக்கி, மெல்லிய இன்ஸ்டன்ட் பசையை நான்கு இடத்தில் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். அது தானாகவே ஓடிப் பரவும். காய்ந்ததும் பசை படாத இடங்களை நிரப்பி, அப்புறம் மறுபக்கம். ஜன்னலைத் திறந்து வைத்து, காற்று முகத்தை விட்டு விலகிப் போகும்படி மின்விசிறியை ஓடவிட்டுச் செய்யுங்கள், பசையின் ஆவி கண்ணைக் கரிக்கும்.

உள்ளே அடைபட்ட காற்று வெளியேற ஓட்டை வேண்டும். ரிம்மில் ஓட்டை இருந்தால் அது வழியாகப் புழுதியும் தண்ணீரும் உள்ளே போகும். நம் புழுதிக்கு, ரிம் ஓட்டையை டேப் போட்டு அடைத்துவிட்டு, டயரின் நடுவில் எதிரெதிரே இரண்டு ஓட்டைகளைத் தோல் துளைக்கும் கருவியால் போடுவதே சரி. சுழலும்போது உள்ளே போன தண்ணீர் அது வழியாகவே வெளியேறிவிடும்.

பந்தய நாள்

புது டயரின் மேல் பளபளப்பு இருக்கும்வரை பிடிக்காது. ஒரு பேட்டரி சார்ஜ் தீரும்வரை ஓட்டித் தேய்த்துவிட்டு வாருங்கள்.

முதல் பயிற்சி ஓட்டத்தில் இரண்டு செட் போதும். ஒரு செட்டில் ஐந்து சுற்று, நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றி இன்னொரு ஐந்து. வேறு எதையும் மாற்றாதீர்கள். நின்றதும் டயரைத் திருப்பிப் பாருங்கள். பட்டனின் ஒரு ஓரம் மட்டும் கூராகத் தேய்ந்திருந்தால் பட்டன் மடங்குகிறது, குட்டைப் பட்டனுக்குப் போங்கள். மேற்பரப்பு மினுமினுவென்று இருந்தால் ரப்பர் சூடேறிவிட்டது, கடினமானது வேண்டும். மண் ஒட்டிப் பொடிப் பூச்சாக இருந்தால் ரப்பர் கடினம், அல்லது பட்டன் அடித்தரையை எட்டவில்லை. வண்டி திரும்ப மறுத்தால் முன் டயர், பின்பக்கம் வீசினால் பின் டயர். நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

டயரில் மருந்து தடவுவது பற்றிக் கேட்பார்கள். ரப்பரை மென்மையாக்கும் திரவங்கள் மெருகேறிய தரையிலும் கார்ப்பெட்டிலும் உதவும். பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறவிட்டுத் துடைத்துவிட்டு ஓட்டுவார்கள். புழுதி டிராக்கில் தடவினால் பொடிதான் ஒட்டும். பல இடங்களில் இதற்குத் தடையும் உண்டு.

பாக்ஸ் கிரிக்கெட் ஆடும் டர்ஃபில் ஓட்டலாமா என்று திருப்பூர்த் தம்பிகள் கேட்கிறார்கள். பந்தயத்துக்கு என்று போடும் செயற்கைப் புல் குட்டையானது, அதற்கு முள் மாதிரி மெல்லிய, கூரான பின் டயர் அருமையாகப் பிடிக்கும். கிரிக்கெட் டர்ஃபில் புல் நீளம், நடுவே மணலும் ரப்பர்த் துகளும். அது ஆக்ஸிலிலும் கியரிலும் சுற்றிக்கொள்ளும். வேண்டாம்.

வாங்கும் வரிசையும் பாதுகாப்பும்

மண் டிராக்குக்குப் புதிதாக வருகிறவர் முதலில் வாங்க வேண்டியது சாஃப்ட் மினி பின் ஒரு செட். அது நம் பக்க டிராக்குகளில் முக்கால்வாசிக்குப் போதும். இரண்டாவதாக ஈரத் தரைக்கு பிளாக் பட்டன். மூன்றாவது செட்டை வாங்க வேண்டாம், முதல் செட் தேய்ந்து தானாக வரும்.

ரிம்மின் உட்புறம் மார்க்கரால் ரப்பர் வகை, மாட்டிய தேதி, எத்தனை பேட்டரி ஓடியது என்று எழுதுங்கள். கழுவிக் காயவைத்து ஜிப் கவரில் போட்டு நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் கார் டிக்கியில் விட்டுப்போன ஒரு புது செட் ஒரே வாரத்தில் பிடி போய்ப் பழைய செருப்பு மாதிரி ஆனதை நானே அனுபவித்திருக்கிறேன்.

ரிம்மைத் திரும்பப் பயன்படுத்த, பழைய டயரைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு வையுங்கள், சூட்டில் பசை இளகிவிடும். இடுக்கியால் எடுத்து, சூடு ஆறுவதற்குள் கையுறை போட்டு விளிம்பைச் சுற்றி உரித்துக்கொண்டே வாருங்கள். வராத இடத்தில் மட்டும் மறுபடி முக்குங்கள். இதைச் சமையலறையில் செய்யாதீர்கள். வெளியே விறகடுப்பில், அதற்கென்று ஒதுக்கிய பழைய பாத்திரத்தில் செய்யுங்கள். உரித்த ரிம்மின் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பழைய பசையைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுத்த பிறகுதான் அடுத்த டயர் அதில் சமமாக உட்காரும்.